முதலில் இருட்டைப் போடுங்கள்

போன இதழில் மலைக்காட்டை வரைவது பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். காடு வரைய ஆசைப்படுகிறவர் முதலில் ஒரே மரத்தின் முன்னால் ஒரு பகல் முழுக்க உட்காரட்டும் என்று அதில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். நான் கோபி பக்கம் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக முப்பத்திரண்டு வருடம் இருந்தவன். அதற்கு முன்னால், போட்டோ ஸ்டூடியோக்களுக்குத் திரைச்சீலை வரையும் ஒருவரிடம் கையாளாக இருந்தேன். இந்த இரண்டு இடத்திலும் கற்றதை வைத்துத்தான் சொல்கிறேன்.

நான் வரையும் காடு எல்லாம் பச்சை டப்பாவைக் கவிழ்த்தது போல இருக்கிறது. நான்கு வகைப் பச்சை ட்யூப் வாங்கியும் அப்படித்தான் வருகிறது. என்ன தப்பு செய்கிறேன்?
– வாசகர், உடுமலைப்பேட்டை

ட்யூப்பில் இருக்கும் பச்சையை அப்படியே தாளில் வைக்கிறீர்கள், அதுதான். நான்கு ட்யூப்பையும் ஒரு மாதத்துக்குப் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். கறுப்போடு எல்லோ ஆக்கர் (மஞ்சள் காவி) சேர்த்துப் பாருங்கள், பச்சை வரும். அல்ட்ராமரின் நீலத்தோடு ரா அம்பர் என்ற பழுப்பு சேர்த்து, துளி மஞ்சள் விடுங்கள், இன்னொரு பச்சை வரும். இவை இரண்டும் நம் மலைச்சரிவில் நிஜமாகவே இருக்கிற பச்சைகள். ட்யூப் பச்சை கட்டாயம் வேண்டுமென்றால் விரிடியன் என்ற நீலம் பாய்ந்த பச்சையில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து அதன் கூச்சலை அடக்கிவிட்டு எடுங்கள்.

அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள். பூவரச இலை ஒன்றைப் பறித்து, சூரியனுக்கும் உங்கள் கண்ணுக்கும் நடுவே பிடியுங்கள். வெளிச்சம் இலைக்குள் புகுந்து வரும். நரம்பெல்லாம் தெரிய, மஞ்சள் கலந்த பச்சையாக எரியும். இப்போது அதே இலையைத் தாழ்த்தி, மேல்பக்கத்தில் வானம் விழுமாறு சாயுங்கள். பச்சையே போய்விடும். நீலம் பாய்ந்த வெள்ளி மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் பளபளப்பான இலை வானத்தைத்தான் திருப்பிக் காட்டுகிறது. கடைசியாக அதை உங்கள் நிழலுக்குள் கொண்டுவாருங்கள். கரும்பச்சை. ஒரே இலை, ஒரே நிமிடம், மூன்று நிறம். ஒரு மரத்தில் ஆயிரக்கணக்கான இலைகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால், எங்கே மஞ்சள், எங்கே வெள்ளி, எங்கே கருமை என்று பெரிய பெரிய திட்டுகளாகப் பிரிந்து நிற்கும். அந்தத் திட்டுகளை மட்டும் வரையுங்கள். இலை இலையாகப் போக வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் ஊரிலிருந்து திருமூர்த்தி மலைக்கோ அமராவதி அணைக்கோ மாசி, பங்குனியில் போனால் அடிவாரக் காடு பச்சையாகவா இருக்கிறது? சாம்பலும் துருவும் வைக்கோலும்தான். தேக்கு மொட்டையாக நிற்கும். வால்பாறை பக்கத்து மழைக்காட்டில்கூடத் தளிர் விடும் காலத்தில் நாங்கு மரம் சிவப்பாக நிற்கும். மாந்தளிர் நிறம் என்று சேலைக்கே பெயர் வைத்திருக்கிறோம், காடு வரையும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

மரத்தடியில் விழும் வெயில் பொட்டுகளை எப்படி வரைவது? நான் வெள்ளையில் புள்ளி வைத்தால் கோலப்பொடி சிந்தியது போல இருக்கிறது.
– இல்லத்தரசி, ஈரோடு

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், தங்கச்சி. எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது.

2019 டிசம்பர் 26-ஆம் தேதி காலை ஒன்பதரை மணியளவில் நம் பகுதியில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது, நினைவிருக்கும். உங்கள் ஈரோட்டிலும் தெரிந்தது. நான் அன்று திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தேன். எல்லாரும் கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்கள். நான் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் வட்டமாக விழுகிற பொட்டுகள் முதலில் பிறை பிறையாக மாறின. பிறகு ஒவ்வொன்றும் மோதிரமாக ஆகிவிட்டது. தரை முழுக்க நூற்றுக்கணக்கான மோதிரங்கள், ஒன்றின் மேல் ஒன்று கோத்தது போல. என் பேத்தியின் வெள்ளைச் சட்டையில்கூட ஏழெட்டு மோதிரம் விழுந்திருந்தது.

மரத்தடியில் விழுவது வெறும் வெளிச்சத் துண்டு கிடையாது, அது சூரியனின் படம். இலைகளுக்கு நடுவே இருக்கும் சந்து எந்த வடிவத்தில் இருந்தாலும், அது சிறியதாக இருந்தால் ஊசித்துளை போல வேலை செய்து சூரியனின் உருவத்தைத் தரையில் விழவைக்கிறது. அதனால்தான் பொட்டு வட்டமாக இருக்கிறது. சந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு பெரிதாகவும் மங்கலாகவும் விழும். முப்பதடி உயரத்துச் சந்திலிருந்து, வெயில் உச்சியில் இருக்கும்போது விழுகிற பொட்டின் அகலம் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். வெயில் சாய்ந்தால் வட்டம் நீண்டு முட்டை வடிவமாகும்.

இது தெரிந்தால் வரைவது எளிது. பொட்டுகளுக்கு ஓரம் கூர்மையாக இருக்கக் கூடாது. தாழ்ந்த கிளையிலிருந்து விழுபவை சிறியவை, அழுத்தமானவை. உயரத்திலிருந்து விழுபவை பெரியவை, பூசினாற்போல இருப்பவை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடம் மட்டும்தான் நல்ல வெளிச்சம். பொட்டு வேரின் மேல் விழுந்தால் வேரோடு வளைய வேண்டும், சருகின் மேல் விழுந்தால் உடைய வேண்டும். சுத்த வெள்ளையை எடுக்காதீர்கள். வெளிர் மஞ்சளில் ஒரு துளி சிவப்பு போதும். பொட்டைச் சுற்றி இருக்கும் நிழலில் கொஞ்சம் நீலம் இருந்தால் அந்த மஞ்சளே வெயிலாகத் தெரியும்.

ஆனால் இதெல்லாம் கடைசி வேலை. என் குருநாதர் ஸ்டூடியோ திரைக்குக் காடாத் துணியை இழுத்துக் கட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி வெள்ளைப் பொடியோடு பூசிக் காயவைப்பார். காய்ந்ததும் எல்லாரும் பூவில் ஆரம்பிப்பார்கள் என்றால் அவர் இருட்டில் ஆரம்பிப்பார். பத்தடித் திரையில் முக்கால்வாசியைக் கருநீலத்திலும் காவியிலும் மூடிவிடுவார். "வெளிச்சத்தை யாராலயும் வரைய முடியாது தம்பி. இருட்டைப் போடு, அது தானா வந்து உக்காரும்" என்பார். நாளெல்லாம் இருட்டைப் போட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் வெயிலை வைத்து முடிப்பார். உங்கள் பொட்டுகள் கோலப்பொடி போலத் தெரிவதற்குக் காரணம் பொட்டில் இல்லை. அவற்றுக்கு அடியில் போதுமான இருட்டு இல்லை.

ஐயா, மரப்பட்டையை நிஜம் போல வரைய பிரஷ் நல்லதா, வண்ணம் பூசும் கத்தி நல்லதா? நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன்.
– மாணவி, அந்தியூர்

இரண்டும் வேண்டாம் கண்ணு, முதலில் ஒரு பென்சிலும் மெல்லிய தாளும் போதும். ஒரு ரூபாய்க் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடியிருப்பாய். அதே மாதிரி பள்ளிக்கூடத்துப் புளியமரத்தின் மேல் தாளை வைத்துத் தேய். அப்புறம் வேம்பு, அப்புறம் வாகை. மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் ஓவியர் 1925-இல் மரப்பலகைத் தரையின் மேல் தாளை வைத்து இப்படித்தான் தேய்த்தார். அதையே பிறகு எண்ணெய் வண்ணத்துக்குக் கொண்டுபோய், சொரசொரப்பான பொருள்களைத் துணிக்கு அடியில் வைத்து மேலே வண்ணத்தைச் சுரண்டி, ஒரு வரிசையே காடுகள் வரைந்தார். நீ விளையாடிய விளையாட்டுதான்.

கை அந்த மேடுபள்ளத்தைப் பழகிய பிறகு கண்ணுக்கு வேலை. உங்கள் பக்கத்து மலைகளில் கருமருது என்று ஒரு மரம் உண்டு. அதன் பட்டை முதலையின் முதுகு போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். ஒரு தடவை திம்பம் தாண்டி, சாலையோரத்தில் ஒரு கருமருதுக்கு முன்னால் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு வெயில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு வந்தபோது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெள்ளி விளிம்பும் ஒரு கறுப்புப் பள்ளமும் இருந்தன. கட்டத்தின் மேல் சாம்பல் நிறம், அதில் வெளிறிய பாசித் தேமல், வெடிப்புக்குள் துருச்சிவப்பு. ஒரு வெடிப்பு முழுக்க எறும்பு போய்க்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு வெயில் நேராக விழுந்ததும் பாதிக் கட்டங்கள் காணாமல் போய்விட்டன. பட்டை அதே பட்டைதான், ஆனால் வெறும் சாம்பல் தூணாக நின்றது.

அதனால் எல்லா வெடிப்பையும் வரையாதே. வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற ஓரம் ஒன்று மரத்தில் மேலிருந்து கீழ் வரை ஓடும். அந்த ஓரத்தில் மட்டும் வெடிப்பைக் காட்டு. வெளிச்சப் பக்கத்தில் கொஞ்சம், நிழல் பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம். பார்க்கிறவர் மீதியைத் தானே போட்டுக்கொள்வார். பிரஷை நன்றாகத் துடைத்து, ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற வண்ணத்தோடு தாளின் மேல் இழுத்தால் பட்டை வரும். கத்தி அப்புறம் வாங்கலாம். கருமருது வரைந்து பழகிய பிறகு வெண்தேக்கு வரைந்து பார். அது வழவழவென்று வெளுத்து, தோல் உரிந்தாற்போல நிற்கும். கோவைக்குப் போனால் வனக் கல்லூரி வளாகத்தில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்கு அப்பாவைக் கூட்டிப்போகச் சொல். மர வகைகளை அறுத்து வரிசையாக வைத்திருக்கிறார்கள். பட்டைக்குள் இருக்கும் மரத்தைப் பார்த்தவள் வரைகிற பட்டை வேறு மாதிரி இருக்கும்.

காட்டை வரைந்தவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?
– வாசகர், நாமக்கல்

இவான் ஷிஷ்கின். ருஷ்யர், 1832-இல் பிறந்து 1898-இல் இறந்தவர். சின்ன வயதில் ருஷ்யாவிலிருந்து வரும் வழவழப்பான பத்திரிகைத் தாளைக் கிழித்து நோட்டுக்கு அட்டை போடுவோம். என் கணக்கு நோட்டின் அட்டையில் அவருடைய ‘பைன் காட்டில் காலை’ வந்து சேர்ந்தது. 1889-இல் வரைந்தது. முறிந்து விழுந்த பெரிய மரத்தின் மேல் கரடிக் குட்டிகள் ஏறி விளையாடும். அந்தக் கரடிகளை வரைந்தது ஷிஷ்கின் அல்ல, அவருடைய நண்பர் கான்ஸ்டான்டின் சவித்ஸ்கி. இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். படத்தை வாங்கிய டிரெட்யாகோவ் சவித்ஸ்கியின் கையெழுத்தை அழித்துவிட்டார். நண்பருக்கு அது நியாயம் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனாலும் ஒரு சோதனை செய்து பாருங்கள். கட்டைவிரலால் கரடிகளை மறைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். மேலே மர உச்சிகளில் மட்டும் பொன் வெயில். நடுவில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே பள்ளத்தில் பனிமூட்டம், அதற்குள் மரங்கள் நீலமாகக் கரைகின்றன. ஒரு காலைப்பொழுது அரை மணி நேரம் கடந்து போவதை ஒரே படத்தில் மேலிருந்து கீழாகப் பார்க்கலாம். கரடி இல்லாமலும் காடு நிற்கிறது.

காட்டின் தனிமையைக் காட்ட, தூரத்தில் ஒரு மனித உருவத்தைச் சின்னதாக வைக்கச் சொல்கிறார்களே, சரியா?
– வாசகர், காங்கேயம்

வைத்தவர்கள் உண்டு, வைத்து ஜெயித்தவர்களும் உண்டு. காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் என்ற ஜெர்மன் ஓவியர் 1814 வாக்கில் ஒரு படம் வரைந்தார். பனி படிந்த தேவதாரு மரங்கள் சுவர் போல நிற்க, ஒரு பிரெஞ்சுப் படைவீரன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக உள்ளே போகிறான். பின்னால் அடிமரக்கட்டையில் ஒரு அண்டங்காக்கை. அதில் ஆள் வேண்டும், ஏனென்றால் அவன் திரும்பி வரமாட்டான் என்பதுதான் படமே. ஜப்பானில் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஹசெகாவா தோஹாகு வரைந்த பைன் மரத் திரைகளில் ஆள் இல்லை, தரை இல்லை, வானம் இல்லை. மையால் சில மரங்கள், மீதி வெறும் தாள். அந்த வெறும் தாள்தான் மூடுபனி. கிட்டப் போனால் மரம் எல்லாம் முரட்டுத்தனமான கீறல்கள். தள்ளி நின்றால் ஈரக்காற்று அடிக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் நெஞ்சுக்கு நெருக்கம்.

நீங்கள் காங்கேயத்துக்காரர் என்பதால் நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறேன். நாம் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்றால் புலி இருக்கும் காட்டை நினைப்பதில்லை, மானாவாரி நிலத்தைத்தான் சொல்கிறோம். அந்தச் சொல்லில் ஒரு நெருக்கம் இருக்கிறது. பழைய தமிழில் காடு முல்லைத் திணை. அதற்குக் கார்காலமும் மாலை நேரமும் சொல்லி, உரிப்பொருளாக ‘இருத்தல்’ என்று வைத்தார்கள். போனவர் வரும்வரை காத்திருத்தல். தனிமையை இதைவிடச் சரியாக ஒரு ஓவியனுக்கு யாரும் சொல்லித்தர முடியாது என்று நினைக்கிறேன். வெளிச்சம் சாய்கிறது, மேகம் வந்திருக்கிறது, யாரோ இன்னும் வரவில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் உங்கள் பக்கத்துக் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், ஒன்றை வரைந்தேன். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் குடை பிடித்தது போல ஒரு வெள்வேல மரம். மரத்தடியில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவரை உட்காரவைத்தேன். வரைந்து முடித்துச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தால், கண் நேராக அவரிடம் போகிறது, மரத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரைப் புல் நிறத்தில் மூடிவிட்டேன். கிளையில் மாட்டியிருந்த அவருடைய தூக்குப்போசியை, சோறு கொண்டுவரும் பாத்திரத்தை, மட்டும் விட்டுவைத்தேன். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், அலுமினியத்தில் ஒரு கீற்று வெயில். அதற்குப் பிறகு படத்தைப் பார்க்கிற எல்லாரும் ‘ஆள் எங்கே?’ என்று கேட்கிறார்கள்.

அதனால் உருவம் வைக்கலாமா என்பதை வரைவதற்கு முன்னால் முடிவு செய்யாதீர்கள். வரைந்து, ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்.

போட்டோவைப் பார்த்து வரையலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

வரையலாம். ஆனால் செல்போன் கேமரா காட்டு நிழலை ஒன்று வெறும் கறுப்பாக்கிவிடும், இல்லையென்றால் மரத்தின் மேல் தெரியும் வானத்தை வெளுத்துவிடும். நிழலுக்குள் இருக்கும் ஊதா, காவி, நீலம் எல்லாம் கண்ணுக்குத்தான் தெரியும். நேரில் போய் நிறத்தை மட்டும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள், வடிவத்துக்குப் போட்டோ துணை செய்யட்டும்.

எண்ணெய் வண்ணமும் கேன்வாஸும் விற்கிற விலையில் எங்களைப் போன்றவர்கள் எப்படிப் பழகுவது?
– விசைத்தறித் தொழிலாளி, சோமனூர்

கனடாவில் எமிலி கார் என்று ஒரு பெண் ஓவியர் இருந்தார். பசிபிக் கரையோரத்து மாபெரும் காடுகளை வரைந்தவர். 1930-களில் கையில் காசு குறைவு. மலிவான பழுப்புத் தாளை வாங்கி, எண்ணெய் வண்ணத்தைப் பெட்ரோலில் கரைத்து அதில் வரைந்தார். வண்ணம் தண்ணீர் போல ஓடியதால் அவருடைய மரங்கள் காற்றோடு சுழல்வது போல வந்தன. குறைந்த காசில் செய்த அந்த வேலைகளில்தான் அவருடைய காடு முழுசாகத் திறந்துகொண்டது என்பது என் எண்ணம். பெட்ரோல் மட்டும் வேண்டாம். தீயும் புகையும் ஆபத்து.

நீங்கள் சோமனூரில் இருந்துகொண்டு கேன்வாஸுக்குக் கவலைப்படலாமா தம்பி? உங்கள் தறியில் ஓடுகிற காடாத் துணியில் கெட்டியான ரகமாக ஒன்றரை மீட்டர் எடுங்கள். மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, வெள்ளை பிரைமரை இரண்டு கை பூசி, நடுவில் ஒரு தடவை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். நெசவின் முடிச்சுகள் மேலே கொஞ்சம் தெரியும், அதை மறைக்க வேண்டாம். காய்ந்த பிரஷ் அதன்மேல் போகும்போது பட்டையும் சருகும் பாதி தானாகவே வரும். வண்ணத்துக்கு அக்ரிலிக்கில் நீலம், காவி, மஞ்சள், வெள்ளை என நான்கு ட்யூப் போதும்.

காடே குறைந்துகொண்டு வருகிறது. இந்த நேரத்தில் காட்டைப் படமாக வரைந்து என்ன ஆகப் போகிறது?
– கல்லூரி மாணவர், கோவை

பாரிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஃபோன்டன்ப்ளோ என்று ஒரு காடு. தியடோர் ரூசோ என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் அதன் ஓரத்தில் பார்பிசோன் என்ற கிராமத்தில் தங்கி அந்தக் கருவாலி மரங்களையே வருடக்கணக்கில் வரைந்தார்கள். மரங்களை வெட்டத் தொடங்கியபோது ரூசோ சும்மா இருக்கவில்லை, அரசாங்கத்திடமே முறையிட்டார். 1861-இல் ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பகுதியை வெட்டக் கூடாது என்று ஒதுக்கினார்கள். ஓவியர்களின் பார்வைக்காக என்றே ஒதுக்கிய இடம் அது. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வந்தது அதற்குப் பதினோரு வருடம் கழித்து.

எல்லாப் படமும் ஒரு காட்டைக் காப்பாற்றிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஒரு மரத்தின் முன்னால் பத்து நாள் உட்கார்ந்தவனுக்கு அந்த மரம் யாரோ அல்ல. வெட்ட வரும்போது அவன் ஏதாவது கேட்பான். என் மாணவர்களில் மூன்று பேர் சாலை அகலப்படுத்தும்போது புளியமரங்களுக்காக மனு எழுதிக்கொண்டு போனார்கள். மூவரும் என்னோடு அந்தப் புளியமரங்களை வரைந்தவர்கள்.

காட்டில் உட்கார்ந்து வரைய நல்ல இடம் சொல்லுங்கள். தனியாகப் போகலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

தனியாகப் போக வேண்டாம். சத்தியமங்கலமும் ஆனைமலையும் புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் உள்ள இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. அனுமதித்த இடத்திலும் தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருப்பவனுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. துணைக்கு ஒருவர் வேண்டும், அவர் வரையாதவராக இருப்பது நல்லது. டாப்ஸ்லிப்பில் வனத்துறை விடுதியைச் சுற்றியே போதுமான அளவு மரங்கள் இருக்கின்றன. கொல்லிமலையில் ஊர்களுக்கு நடுவே பலா மரத்தடியில் உட்காரலாம்.

ஆனால் நீங்கள் கோபிக்காரர், அங்கே இருந்தே ஆரம்பிக்கலாம். வாய்க்கால் கரையில் வயதான நீர்மருது ஒன்றைத் தேடுங்கள், இருக்கும். பட்டை வெளிறி, தகடு தகடாக உரிந்து, உரிந்த இடத்தில் இளஞ்சிவப்பாக இருக்கும். காலை ஏழு மணிக்குத் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் அந்தப் பட்டையின் அடிப்பக்கத்தில் கீழிருந்து மேலாக அலையும். அதை அரை மணி நேரத்துக்கு மேல் பார்க்க முடியாது, அதற்குள் வெயில் ஏறிவிடும். முதல் நாள் வரையாமல் பாருங்கள். இரண்டாம் நாள் தாளை எடுத்துப் போங்கள், இருட்டுப் பக்கத்தை வீட்டிலேயே பூசிக் காயவைத்துக்கொண்டு.